ஆறு மாதம் வெள்ளைப்போளம், மூன்று நாள் உபவாசம்

வேத பாடம்
தியானப் பகுதி: எஸ்தர் 2:7-17, 4:11-16, 5:1-2



போன மாதம் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கல்யாணம் நிச்சயமான பிள்ளை. "ஐயா, கிளியோபாட்ரா குளியல்னு ஒண்ணு இருக்காம். பால், ரோஜா இதழ், வாசனைத் தைலம் எல்லாம் போட்டுக் குளிச்சா நிறம் வருமாம். மாப்பிள்ளை வீட்ல நான் கறுப்புன்னு பேசிக்கிட்டாங்க. கடன் வாங்கியாவது செய்யலாம்னு அம்மா சொல்றாங்க. எஸ்தர் ராஜாத்தியும் இப்படித்தானே செஞ்சாங்க? இது பாவமா?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேதத்தையும் சரித்திரத்தையும் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பதில்தான் இந்தப் பாடம்.

1. சரித்திரத்தில் வாசனை பூசிய ராணிகள்

கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்டவள் ஹட்செப்சூட். பூந்த் என்னும் தேசத்துக்குக் கப்பல்களை அனுப்பி, வாசனைப் பிசினையும், மரங்களை வேரோடு கூடைகளில் வைத்தும் கொண்டுவரச் செய்தாள். தேர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் அந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம். தன் கையாலேயே அவள் தைலத்தை அங்கமெல்லாம் பூசிக்கொண்டதாகவும் அங்கே எழுதியிருக்கிறது.

கிளியோபாட்ரா கி.மு. 41-இல் ரோமத் தலைவன் அந்தோனியைச் சந்திக்கத் தர்சு பட்டணத்துக்குப் படகில் வந்தாள். ஆற்றின் கரையெங்கும் வாசனை வீசியதாகப் புளூட்டார்க் எழுதினார். ஆனால் பால் குளியல்? அவள் பாலில் குளித்தாள் என்பதற்கு அக்காலத்துச் சாட்சி இல்லை. ரோம எழுத்தாளர் பிளினி அப்படி எழுதியது நீரோவின் மனைவி பொப்பேயாவைப் பற்றி. அதற்காக அவள் 500 கழுதைகளைக் கூடவே ஓட்டிக்கொண்டு போனாளாம்!

பாலில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. புளித்த பாலிலுள்ள லாக்டிக் அமிலம் செத்த தோலை நீக்கி மேனியை மிருதுவாக்கும். அவ்வளவுதான். பிறந்த நிறத்தை அது மாற்றாது.

2. சூசான் அரமனையில் நடந்தது என்ன?

அகாஸ்வேரு ராஜா கி.மு. 486 முதல் 465 வரை பெர்சியாவை ஆண்ட ராஜா என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். அவன் அரமனையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் 12 மாதம் சுத்திகரிப்பு. ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் சுகந்தவர்க்கம்.

வெள்ளைப்போளம் என்பது தென் அரேபியாவிலும் சோமாலியாவிலும் வளரும் ஒரு முள்மரத்தின் பிசின். பட்டையைக் கீறினால் கண்ணீர்த்துளி மாதிரி வடியும். முகர்ந்தால் வாசனை, நாவில் வைத்தால் கசப்பு. அதன் எபிரெயப் பேரே கசப்பைக் குறிக்கிறது. சுகந்தவர்க்கங்களைத் தணலில் இட்டு அந்தப் புகையை மேனியில் ஏற்றியிருப்பார்கள் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சூடான் தேசத்துப் பெண்களிடம் இப்படிப்பட்ட புகைக்குளியல் இன்றும் உண்டு.

இப்போது கவனியுங்கள். எஸ்தர் இதைக் கேட்டு வாங்கினாளா? இல்லை. அவள் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. ராஜாவின் கட்டளையால் கொண்டுபோகப்பட்டவள். அவளோடு வேறு எத்தனையோ பெண்கள்! எல்லாருக்கும் அதே தைலம், அதே 12 மாதம். ஒரே ஒரு இரவு ராஜாவிடம் போவார்கள். காலையில் மறுமனையாட்டிகளின் மாடத்துக்குப் போய்விட வேண்டும். ராஜா பேர் சொல்லி அழைத்தால் ஒழிய மறுபடியும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் கண்ணீரை யார் எழுதி வைத்தார்கள்?

3. வாசனை தீர்ந்த பிறகு

கிரீடம் வைத்த எஸ்தருக்கும் என்ன நிலைமை? 4:11-ஐ வாசித்துப் பாருங்கள். ராஜா அவளை அழைத்து 30 நாள் ஆகிவிட்டது! அழைக்காமல் உள்ளே போனால் சாவு. வெளியிலோ, ஆமான் அவள் ஜனத்தையே அழிக்க நாள் குறித்துவிட்டான்.

அப்போது எஸ்தர் தைலக்காரனைக் கூப்பிட்டாளா? இல்லை. மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும் விட்டாள். உபவாச நாட்களில் எண்ணெய் பூசாமல் இருப்பதும் அந்த ஜனத்தாரிடம் உண்டு (தானியேல் 10:3). 12 மாத அலங்காரம் மற்றவர்கள் அவளுக்குச் செய்தது. இந்த மூன்று நாள் அவளே எடுத்த தீர்மானம். மூன்றாம் நாளில் ராஜவஸ்திரம் உடுத்தி, செத்தாலும் சாகிறேன் என்று நின்றாள். செங்கோல் நீண்டது. ஒரு ஜனம் பிழைத்தது. அல்லேலூயா!

4. அப்படியானால் வாசனை பாவமா?

இல்லை. ரூத்தைக் குளித்து எண்ணெய் பூசிப் போகச் சொன்னாள் நகோமி (ரூத் 3:3). உபவாசிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவச் சொன்னார் நம் ஆண்டவர் (மத்தேயு 6:17). மரியாள் கொண்டுவந்த நளதம் இமயமலையில் விளையும் சடாமாஞ்சி வேரிலிருந்து வந்தது. விலை 300 பணம், ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. அதை ஆண்டவர் பாதத்தில் ஊற்றினாள். அவர் கடிந்துகொள்ளவில்லை.

ஆகவே அந்தத் தங்கச்சிக்குச் சொன்னேன்: "அம்மா, வாசனையாய்க் குளி, சந்தோஷமாயிரு. ஆனா கடன் வாங்காதே. உன் நிறத்தைக் கொடுத்தவர் தப்புப் பண்ணிட்டார்னு மட்டும் நினைக்காதே."

சகோதரரே, நமக்கும் ஒரு வார்த்தை. வரன் பேசப் போன இடத்தில் "பொண்ணு நல்ல நிறமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். இந்தப் பாடத்தை எழுதும்போது கர்த்தர் என்னைக் கண்டித்தார். பெண்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தது அகாஸ்வேருவின் வழக்கம். அது சபைக்குள் வரலாமா?

கிளியோபாட்ராவின் வாசனை வீசிய அதே தர்சு பட்டணத்தில்தான் பிற்பாடு பவுல் பிறந்தார். விசுவாசிகளையே கிறிஸ்துவின் வாசனை என்று அவர் எழுதினார் (2 கொரிந்தியர் 2:15). அந்த வாசனை நம் வீடுகளில் வீசட்டும்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பெண்பிள்ளைகளை உம்முடைய கண்ணால் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.