ஆர்இ 1: ஆகனிலிருந்து ஹம் வரை

செமஸ்டர் கட்டணம் கட்டியதும் மாணவர் அட்டையோடு ஒரு பயணச்சீட்டும் கைபேசிக்கு வந்துவிடும். பெரும்பாலான ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இப்போது அது நாடு முழுக்கச் செல்லும். ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர ரயில்களில் மட்டும் ஏறக் கூடாது. மற்றபடி உள்ளூர் ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம். அப்படியிருந்தும் புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடுவது பாரிஸுக்கும் ரோமுக்கும் மலிவு விமானம். நானும் தேடினேன். யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நான் இருக்கும் ஆகன் நிலையத்தில் தினமும் வந்து நிற்கிற, ஹம் வரை போகும் ஆர்இ 1 என்ற உள்ளூர் ரயில் கண்ணில் பட்டது.

ரயில் ஏறுமுன் ஆகனையே ஒரு நாள் பாருங்கள். பேரரசர் சார்லமேன் அடக்கமான தேவாலயம் இங்கே இருக்கிறது. 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் பலர் அங்கேதான் முடிசூடினார்கள். பக்கத்தில் எலிசன்புருன்னன் மண்டபத்துக் குழாயில் வெந்நீர் ஊற்றின் கந்தகத் தண்ணீர் வரும். கையை நனைத்துப் பார்க்கலாம், குடிக்க வேண்டாம். அழுகிய முட்டை வாடை மதியம் வரை கையிலேயே இருக்கும்.

கொலோனில் தேவாலயத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை, நிலைய வாசலிலேயே நிற்கிறது. 1248இல் தொடங்கிய வேலை 1880இல்தான் முடிந்தது. தெற்குக் கோபுரத்துக்கு 533 படிகள், மின்தூக்கி கிடையாது. பழனி ஏறியவருக்கு அது பெரிதல்ல. குறுகலான சுழல் படியில் எதிரே இறங்கி வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுவதுதான் பெரும்பாடு. டுசல்டோர்ஃபில் நான் இறங்குவதில்லை. கடைவீதி பிடித்தவர்கள் இறங்கலாம்.

எசனுக்கு மட்டும் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். நிலையத்திலிருந்து 107 டிராம் பிடித்தால் சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்கம். 1932இல் திறந்த அதன் பன்னிரண்டாம் சுரங்கவாயிலில் இரும்பும் சிவப்புச் செங்கலும் அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கும். 1986இல் சுரங்கத்தை மூடினார்கள். இடித்துத் தள்ளாமல் வைத்திருந்ததால் 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நிலக்கரி கழுவிய கட்டடம் இன்று ரூர் அருங்காட்சியகம். நீண்ட ஆரஞ்சு நிற நகரும் படியில் ஏறி உள்ளே போகலாம். அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட். வளாகத்தைச் சுற்றி வரக் காசு வேண்டாம். இயந்திரவியல் படிக்க வந்த எனக்கு, வேலை முடிந்துபோன இயந்திரங்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் என்பது வகுப்பில் கிடைக்காத பாடம்.

சில கறாரான விஷயங்கள். கைபேசியில் பயணச்சீட்டு இருந்தாலும் அடையாள அட்டை வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ. ரயில் செயலியில் உள்ளூர் ரயில்களை மட்டும் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அது தன் பாட்டுக்கு ஊர்ந்து போகும். ஞாயிறன்று கடைகள் சாத்தியிருக்கும். புளிசாதம் கட்டிக்கொண்டு போனவன் பிழைத்தான். காலி பிளாஸ்டிக் பாட்டிலை வீசாதீர்கள், கடையில் கொடுத்தால் 25 சென்ட்.

கடைசி நிறுத்தம் ஹம். அங்கிருந்து ஊன்ட்ரோப் போகும் பேருந்தில் ஏறுங்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே திடீரென்று ராஜகோபுரம் தெரியும்: 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர் எழுப்பியது. கோடையில் தேர் ஓடும்போது ஐரோப்பாவின் பல மூலையிலிருந்தும் வருவார்கள். தீர்த்தத்துக்குப் பக்கத்துக் கால்வாய். மற்ற நாட்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், நேரம் பார்த்துப் போங்கள்.

நான் போனபோது பிரசாதம் கொடுத்த அம்மா ஒருவர், "தம்பி எவ்விடம்?" என்று கேட்டார். மதுரை என்றேன்.

"அது கதைக்கேக்க விளங்குது. இஞ்ச எவ்விடம்?"

"ஆகன்."

"அப்ப தூரம். சாப்பிட்டுட்டு வெளிக்கிடுங்கோ, ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு."

அவர் சொன்னது சரி. அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்.