குரலின் நிறமும் குரலின் ஆயுளும்



கல்ச்சுரல்ஸ் வந்தாச்சு. ஹாஸ்டல் மாடியிலும் பூதலூர் – தஞ்சாவூர் ரயில் பெட்டியிலும் ஒரே பாட்டுப் பிராக்டிஸ். மூணாவது நாளே பலருக்குத் தொண்டை கட்டிடுது. ஏன்னு பார்ப்போம்.

குரல் எப்படிப் பிறக்கிறது?

நுரையீரல் காற்று, தொண்டையில் உள்ள இரண்டு குரல் நாண்களை அதிர வைக்கிறது. 1 கட்டை ஸ்ருதியில் ஷட்ஜம் பிடித்தால் அவை விநாடிக்குச் சுமார் 131 முறை மோதும். ஒரு நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 7,860! 5 கட்டையில் விநாடிக்கு 196, நிமிஷத்துக்கு 11,760.

அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். தொண்டை, வாய், நாக்கு, உதடு எல்லாம் ஃபில்டர் மாதிரி வேலை செய்து அதற்கு நிறம் தருகின்றன.

எந்த நிறத்துக்கு என்ன விலை?

மூக்கொலி: காற்று மூக்கு வழியாகவும் போவதால் வருவது. நாண்களுக்குப் பாதிப்பில்லை.

காற்றுக் குரல்: நாண்கள் முழுசாகச் சேராமல் காற்று கசியும். மைக்கில் அழகு. மைக் இல்லாமல் தள்ளிப் பாடினால் சீக்கிரம் களைப்பு.

அழுத்திய குரல்: நாண்களை இறுக்கிப் பாடுவது. கம்பீரமாத் தோணும், ஆனால் பழக்கமானால் நாண்களில் காய்ப்பு விழலாம்.

கணீர்க் குரல்: ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை ஆராய்ந்தார். பயிற்சி பெற்ற ஓபரா பாடகர்களின் குரலில் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி திரண்டு நிற்கும். அதனால் மைக் இல்லாமலே வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும். இது தொண்டைக் குழியின் வடிவத்தால் வருவது, கத்தி வருவதில்லை.

நம்ம டெல்டாவின் செம்மங்குடி சீனிவாச ஐயரை (1908–2003) எடுத்துக்கோங்க. தேன் குரல்னு யாரும் சொன்னதில்லை. ஆனால் 1947-இல் சங்கீத கலாநிதி. முதிய வயதிலும் மேடையில் பாடினார். இனிமை வேறு, உழைக்கும் குரல் வேறு.

என்ன செய்யலாம்?

1. சினிமாப் பாட்டை ஒரிஜினல் ஸ்ருதியில்தான் பாடணும்னு அடம் வேண்டாம். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குங்க.
2. இளநீர் ஸ்ட்ராவை உதட்டில் வைத்து அதன் வழியே மெதுவா ஸ்வரம் பாடுங்க. நாண்களின் மோதல் மென்மையாகும்.
3. ரயில் இரைச்சலில் பாட வேண்டாம். சத்தத்துக்கு நடுவே நமக்கே தெரியாமல் குரலை உயர்த்துவோம். இதுக்கு லொம்பார்ட் விளைவுன்னு பேர்.
4. குடிக்கும் தண்ணீர் நாண்களைத் தொடாது. உடம்பு வழியாகத்தான் ஈரம் சேரும். பாடும் நேரத்தில் மட்டுமில்லாம நாள் முழுக்கக் குடிங்க.
5. தொண்டை கட்டினால் குசுகுசுன்னு பேசுவது ஓய்வு இல்லை. பேசாமல் இருப்பதே ஓய்வு.

கரகரப்பு 3 வாரம் தாண்டினால் மிட்டாய் சப்பிக்கொண்டு காத்திருக்காம காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. கீபோர்டு கெட்டால் வேற வாங்கலாம். குரல் நாண்களுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.