எட்டுப் பாசுரம், எட்டு அநுபவம்

அமலனாதிபிரான் உபந்யாஸத்தை ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டே கறியமுதுக்குக் காய் திருத்தினோம். நடுநடுவே கைபேசியில் வந்த செய்திகளுக்கு மறுமொழியும் எழுதினோம். முடிந்தபின், உதரபந்தம் எத்தனையாவது பாசுரம் என்று அகத்துக் குழந்தை கேட்க, அடியோங்களுக்கு விடை தெரியவில்லை.

திருப்பாணாழ்வார் பெரிய பெருமாளை ஸேவித்த முறையே வேறு. திருவடி, திருப்பீதாம்பரம், திருவுந்தி, உதரபந்தம், திருமார்பு, திருக்கழுத்து, திருப்பவளம், திருக்கண்கள் என எட்டுப் பாசுரங்களில் ஒவ்வொன்றிலும் ஆழங்கால்பட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்கிறார். ஒன்பதாவதில்தான் திருமேனி முழுவதும். பத்தாவதிலோ, அவனைக் கண்ட கண்களுக்கு வேறொரு காட்சியே இல்லை.

திருமாலை கட்டும்போது திருநாமம் சொல்வதும் இரண்டு செயல்தானே எனலாம். அங்கே கையும் வாயும் நெஞ்சும் ஒருவனிடத்திலேயே சேர்கின்றன. தளிகையும் அவனுக்கே ஆகையால், காய் திருத்துகையில் கேட்பதிலும் குற்றமில்லை. நெஞ்சைப் பிரித்தது அந்த மறுமொழிகளே.

இப்போது விடியலில் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நாளொரு பாசுரமாக வ்யாக்யானத்தோடு ஸேவிக்கிறோம். மூன்று நாட்கள் ஆயின. நாளை உதரபந்தம், குழந்தையும் உடன் அமர்வதாகச் சொல்லியிருக்கிறாள்.