திறன்பேசிச் செயலிகளைப் பரீட்சித்துப் பயன்படுத்தல்

கமக்காரர்களே,

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது முன்னோர் வாக்கு. பசளையும் பீடைநாசினியும் அளவு தவறினால் பணமும் கெடும், பயிரும் கெடும். வயலை அளக்கவும், நோயை இனங்காணவும், மழையை முன்னறியவும் இன்று திறன்பேசிச் செயலிகள் பல உள. புதிய நெல்லினத்தை முதலிற் சிறு துண்டில் விதைத்துப் பார்ப்பது போல, இவற்றையும் பரீட்சித்த பின்னரே நம்புதல் வேண்டும்.

1. நில அளவு

திறன்பேசியுடன் வரம்பைச் சுற்றி நடந்தால், செயலி செய்மதிகளின் உதவியால் விஸ்தீரணத்தைக் கணிக்கும். திறந்த வெளியிலும் இதிற் சில மீற்றர் வழு நேரலாம். மரங்களின் கீழ் வழு கூடும். ஒரு ஏக்கர்ச் சதுர வயலின் பக்கம் ஏறக்குறைய 64 மீற்றர். ஒரு பக்கம் 3 மீற்றர் கூடிக் காட்டினால், விஸ்தீரணம் 5 வீதமளவே கூடும். ஏக்கரில் 16 இல் ஒரு பங்கான ஒரு பரப்புக் காணியின் பக்கமோ 16 மீற்றர். அங்கே அதே வழு 19 வீதமாகும். யூரியாவும் அவ்வளவு கூடுதலாக விழும். நைதரசன் மிகுந்த நெற்பயிரை எரிபந்தமும் கபிலநிறத் தத்தியும் எளிதிற் பற்றும்.

ஆகையால், நில அளவைப் படத்தில் விஸ்தீரணம் குறிக்கப்பட்ட ஒரு வயலை மூன்று முறை நடந்து அளந்து ஒப்பிடுங்கள். சிறு காணிகளுக்கு அளவு நாடாவே நன்று.

2. நோயை இனங்காணல்

படத்தைப் பார்த்துச் செயலி கூறுவது ஊகமே. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி காரணமாகும். கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. வைரசு நோயாலும் இலை சுருளும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் இவ்வேற்றுமை தெளிவாகாது. சிற்றுண்ணி பூச்சியினமன்று, பூச்சிநாசினிகள் பலவற்றுக்கு அது மடியாது.

எனவே இலையின் இரு புறங்களையும் முழுச் செடியையும் படமெடுங்கள். இளந்தளிரை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். பனிப்பூச்சி இருந்தால் தாளில் விழுந்து ஊரும். செயலி மருந்தின் பெயர் கூறினாலும் உடனே வாங்காதீர்கள். பிறநாட்டில் விற்கப்படும் மருந்து இங்கு அனுமதிக்கப்படாததாயிருக்கலாம்.

3. மழை

நேரான பக்கமுடைய தகரப் பேணியொன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். காலைதோறும் நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, செயலி முன்னறிவித்ததன் அருகே எழுதிவருங்கள். இரு வாரங்களில் அது உங்கள் ஊருக்கு எவ்வளவு பொருந்துகின்றதென்பது புலப்படும். பெருமழை எதிர்பார்க்கப்படும் நாளில் யூரியா இடுதலையும் மருந்து தெளித்தலையும் தவிருங்கள்.

ஐயம் ஏற்படின், 1920 என்னும் இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். அல்லது நோயுற்ற செடியையும் உங்கள் குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் வாருங்கள்.