கணினித் தேடலும் தமிழ்ச் சொல்லடைவும்

நுழையும்முன்

ஓலைச்சுவடியில் ஒரு சொல்லைத் தேடியவர் சுவடி முழுவதையும் புரட்ட வேண்டியிருந்தது. அச்சு நூலின் இறுதியில் சொல்லடைவு இடம்பெற்றபின் அத்தேடல் எளிதாயிற்று. இன்றைய கணினியும் சொல்லடைவைப் பார்த்தே விடை கூறுகிறது. ஆயினும், இருக்கும் தமிழ்ச் சொல்லைக் கணினி சில வேளைகளில் 'இல்லை' என்று கூறிவிடுகிறது. அப்பிழை எங்கே பிறக்கிறது, அதனை எவ்வாறு படிப்படியாகக் கண்டறிவது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இருப்பதை இல்லை எனல்

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில், திண்டிவனத்திற்கு வடக்கே உள்ளது ஒலக்கூர். அவ்வூரைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் ஊரின் ஏரியையும் கோவிலையும் பற்றிய செயல்திட்டக் கட்டுரையைக் கணினியில் எழுதியிருக்கிறாள் எனக் கொள்வோம். அவளுடைய தமக்கைக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அது. அதில் லினக்ஸ் இயங்குதளம் உள்ளது. கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில், கை தவறிக் கோப்பு அழிந்துவிடுகிறது.

அவள் கணினியின் உதவிப் பக்கங்களைத் திறந்து, தேடல் கட்டத்தில் 'கோப்பு' எனத் தட்டச்சு செய்கிறாள். 'முடிவுகள் ஏதுமில்லை' என்று விடை வருகிறது. 'தமிழில் இதற்கெல்லாம் உதவி இருக்காது' என்னும் முடிவிற்கு அவள் வந்துவிடுகிறாள். உண்மையில் 'அழித்த கோப்புகளை மீட்டல்' என்னும் பக்கம் அதே உதவித் தொகுப்பில் உள்ளது. அதனைத் தன்னார்வலர் ஒருவர் பல மணிநேரம் உழைத்துத் தமிழில் எழுதியிருக்கிறார். எழுதியவரின் உழைப்பும் தேடியவளின் தேவையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. எழுதப்பட்ட ஒன்று தேடுபவருக்குக் கிடைக்காவிடில், எழுதப்படாத ஒன்றிற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

தெரிந்து தெளிவோம்

உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையமான சி-டாக், இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க வகையில் உருவாக்கிய இயங்குதளம் 'பாஸ் லினக்ஸ்' ஆகும். இது டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவி வழங்கப்பட்டது.

கணினியின் சொல்லடைவு

தேடல் கட்டத்தில் ஒரு சொல்லை இட்டவுடன் கணினி எல்லாப் பக்கங்களையும் வரிவரியாகப் படிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறு படிப்பதில்லை. பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்னும் பட்டியலை அது ஆக்கி வைத்துக்கொள்கிறது. இதனைத் தலைகீழ் அடைவு என்பர். நூலில் பக்கத்தைத் திறந்து சொல்லைக் காண்கிறோம். அடைவில் சொல்லைக் கண்டு பக்கத்தை அறிகிறோம். இவ்வாறு முறை மாறியிருப்பதால் அப்பெயர் அமைந்தது.

இம்முறை தமிழுக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். தம் பதிப்புகளில் அரும்பதங்களுக்கான அகராதிகளைச் சேர்ப்பதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். நூலைக் கற்போர், வேண்டிய சொல்லை வேண்டிய பொழுதில் காண வேண்டும் என்பதே அவ்வுழைப்பின் நோக்கமாகும். கணினி அதே பணியை நொடிப்பொழுதில் செய்கிறது. ஆனால், புலவருக்குத் தெரிந்த இலக்கணம் அதற்குத் தானாகத் தெரிவதில்லை.

பிழை பிறக்கும் நான்கு இடங்கள்

தேடல் பொய்ப்பதற்குரிய காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, அடைவு ஆக்கப்படாமை. புதிய பக்கங்கள் சேர்ந்தபின் அடைவைப் புதுப்பிக்காவிடில், அப்பக்கங்கள் தேடலில் வாரா. லினக்சில் கோப்புகளின் பெயரைத் தேடித் தரும் 'லொகேட்' என்னும் கட்டளையும் இத்தகையதே. அதன் தரவுத்தளம் குறித்த காலத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். எனவே, சற்றுமுன் உருவாக்கிய கோப்பு கண்ணெதிரே இருந்தும் அக்கட்டளைக்குத் தெரியாமல் போகலாம். வன்வட்டில் இடம் இல்லாமையாலும், அடைவை எழுதும் உரிமை இல்லாமையாலும் அடைவு முற்றுப்பெறாமல் நின்றுவிடுவதும் உண்டு.

இரண்டாவது, சொல்லைப் பிரிப்பதில் நேரும் பிழை. 'ஒலக்கூர்' என்னும் பெயரில் ஒ, ல, க், கூ, ர் என ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையில் மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் துணைக்குறிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. ஆதலால், இப்பெயர் எட்டுக் குறியெண்களாகப் பதிவாகிறது. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே, ஐந்தெழுத்துப் பெயர் இருபத்து நான்கு பைட்டுகளாகிறது. புள்ளியையும் துணைக்குறியையும் எழுத்தின் பகுதி என்று அறியாத மென்பொருள், அவை வரும் இடங்களிலெல்லாம் சொல்லை வெட்டிவிடும். அதன் கண்ணில் ஒலக்கூர், 'ஒலக', 'க', 'ர' என மூன்று துண்டுகளாகிப் பொருளிழந்து போகும்.

இதற்கு உண்மைச் சான்று உண்டு. லினக்சில் வழங்கும் கேடிஇ பணிச்சூழலின் உதவி மையம், சொல்லடைவு ஆக்குவதற்கு நெடுங்காலம் 'எச்டி-டிக்' என்னும் மென்பொருளைச் சார்ந்திருந்தது. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான அம்மென்பொருள் ஒருங்குறியை அறியாதது; ஓர் எழுத்திற்கு ஒரு பைட்டு என்னும் பழைய முறையில் அமைந்தது. ஆங்கிலப் பக்கங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு அது பொருந்தவில்லை. பின்னர் அவ்விடத்தில், ஒருங்குறியை அறிந்த 'சேப்பியன்' என்னும் தேடல் நிரல் வந்து சேர்ந்தது.

மூன்றாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் அமையும் எழுத்துகள். 'கோ' என்னும் எழுத்தைக் ககரத்துடன் ஓகாரக் குறியைச் சேர்த்து எழுதலாம். ககரத்துடன் ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இரண்டையும் நிகரானவையாகவே கொள்கிறது. ஆயினும், மென்பொருள் அவற்றை ஒரே வடிவிற்குக் கொண்டுவந்து ஒப்பிடாவிடில், ஒரு 'கோப்பு' மற்றொரு 'கோப்பு' ஆகாது. ஔகாரத்தை இடவேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதுவது இதனினும் பெரிய பிழை. அங்கு ளகரம் தனியெழுத்தாகிவிடுவதால், வடிவங்களை ஒன்றாக்கும் மென்பொருளாலும் அதனைத் திருத்த இயலாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய பக்கங்களோ, கணினியைப் பொறுத்தவரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையே ஆகும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரங்களுள் ஒன்றாக ஏற்றது.

நான்காவது, சொல்லின் திரிபு. தமிழ், ஒட்டுநிலை மொழி. 'ஒலக்கூர்' என்னும் ஒரே பெயர் ஒலக்கூரில், ஒலக்கூருக்கு, ஒலக்கூரிலிருந்து, ஒலக்கூரும் எனப் பல வடிவம் கொள்கிறது. இலக்கணம் அறிந்தவர்க்கு இவை ஒரு பெயரின் வடிவங்கள். இலக்கணம் அறியாத அடைவுக்கு இவை தொடர்பற்ற நான்கு சொற்கள்.

பதவியலும் கணினியும்

சொல்லின் திரிபைக் களைந்து பகுதியைக் காணும் நெறிமுறை ஆங்கிலத்திற்கு முன்னரே உருவாயிற்று. 1980இல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்ட நெறிமுறை அவற்றுள் புகழ்பெற்றது. ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் நிற்கும் ஒட்டுகள் சிலவே. அவற்றை நீக்கினால் பெரும்பாலும் பகுதி கிடைத்துவிடும். தமிழில் அது அத்துணை எளிதன்று. 'மரத்தை' என்பதில் ஐகாரத்தை மட்டும் நீக்கினால் 'மரத்த்' என்னும் பொருளற்ற வடிவமே எஞ்சும். மரம், அத்து, ஐ எனப் பிரித்து, அத்து என்பது சாரியை என்றும், மகரம் கெட்டது என்றும் அறிந்தாலன்றி 'மரம்' என்னும் சொல்லை அடைய இயலாது.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூலின் பதவியல் வகுத்துக் காட்டும் ஆறு உறுப்புகளும் தேர்வுக்குரிய செய்திகள் மட்டுமல்ல. இன்று தமிழ்த் தேடலை வடிவமைக்கும் நிரலர்க்கு அவை நாள்தோறும் தேவைப்படும் கருவிகளாகும். போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருளின் 12ஆம் பதிப்பு 2019இல் வெளிவந்தபோது, பகுதி காணும் நெறிமுறை கொண்ட மொழிகளின் வரிசையில் தமிழும் சேர்ந்தது. அந்நெறிமுறைகளைச் செம்மையாக்க நிரலறிவோடு இலக்கண அறிவும் வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தில் சேர்வது அரிதாக இருப்பதால்தான் இப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

பிழையைக் கண்டறியும் முறை

மருத்துவர் நோயின் மூலத்தை நாடுவது போலவே, தேடலில் நேர்ந்த பிழையையும் ஒழுங்குமுறையில் நாட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டுமே சோதித்தல் இதன் அடிப்படை விதி. ஒலக்கூர் மாணவி பின்வருமாறு சோதித்திருக்கலாம்.

முதலில், தேடலை விடுத்து உதவித் தொகுப்பின் பொருளடக்கத்தைத் திறத்தல் வேண்டும். அங்கும் பக்கம் இல்லையெனில் குறை தேடலில் இல்லை; தமிழ்ப் பக்கங்கள் நிறுவப்படவில்லை அல்லது கணினியின் மொழித் தேர்வு மாறியிருக்கிறது.

பக்கம் இருந்தால், அதிலுள்ள சொல் ஒன்றை அப்படியே படியெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்ட வேண்டும். அப்போதும் விடை வாராவிடில், அடைவு பழுதுற்றது அல்லது சொற்கள் துண்டாகியிருக்கின்றன. பழைய அடைவை நீக்கிப் புதிதாக ஆக்கச் செய்வது முதல் மருந்து. அதன்பின் ஆங்கிலச் சொல்லுக்கு விடை வந்து, தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் வாராவிடில் பிழை சொற்பிரிப்பில் உள்ளது என அறியலாம்.

ஒட்டிய சொல்லுக்கு விடை வந்தால், அதே சொல்லை விசைப்பலகையில் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். இப்போது விடை வாராவிடில், பக்கத்திலுள்ள எழுத்துக்கும் விசைப்பலகை தரும் எழுத்துக்கும் குறியெண் வேறுபாடு உள்ளது என்பது உறுதி.

அதற்கும் விடை வந்தால், உருபு நீக்கிய சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். 'கோப்புகளை' என்பதற்கு விடை வந்து, 'கோப்பு' என்பதற்கு விடை வாராவிடில், அடைவிற்குப் பகுதி காணத் தெரியவில்லை. மாணவிக்கு நேர்ந்தது இதுவே. 'கோப்புகளை' எனத் தேடியிருந்தால் அவளுக்கு உரிய பக்கம் கிடைத்திருக்கும். அழித்த கோப்புகள் குப்பைத்தொட்டி என்னும் உறையில் தங்கியிருக்கும் என்பதையும், அங்கிருந்து அவற்றை மீட்கலாம் என்பதையும் அவள் அறிந்திருப்பாள். ஒப்படைக்க வேண்டிய கட்டுரையும் திரும்பக் கிடைத்திருக்கும்.

எழுதுவோர் கடமை

பிழையைக் களையும் பொறுப்பு நிரலர்க்கு மட்டும் உரியதன்று. உதவிப் பக்கம் எழுதுவோர், முதன்மையான பெயர்ச்சொற்களை உருபின்றி ஒருமுறையேனும் பக்கத்தில் எழுதலாம். 'கோப்பு மீட்பு' எனத் தலைப்பிடலாம். ஒருங்குறியிலேயே எழுதுவதும், ஔகாரத்தை முறையாகத் தட்டச்சு செய்வதும் இன்றியமையாதன. பயன்படுத்துவோர், தாம் கண்ட பிழையை 'இந்தச் சொல்லுக்கு விடை வருகிறது. இந்தச் சொல்லுக்கு வரவில்லை' எனத் தெளிவாக எழுதி, அம்மென்பொருளை உருவாக்குவோர்க்குத் தெரிவிக்கலாம். கட்டற்ற மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். எனவே, பதினொன்றாம் வகுப்பு மாணவி அனுப்பும் ஒரு செய்தியும் அதன் அடுத்த பதிப்பைத் திருத்தக்கூடும்.

'முடிவுகள் ஏதுமில்லை' என்னும் தொடர், தமிழில் அச்செய்தி இல்லை என்று பொருள்படாது. அடைவில் அவ்வடிவம் இல்லை என்றே பொருள்படும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் தேடலைக் கைவிடார். சுவடியில் கிடந்த சொல்லை அகராதியாக்கி எல்லோர்க்கும் எட்டச் செய்தது முந்தைய தலைமுறை. கணினியில் கிடக்கும் தமிழைத் தேடுவோர்க்கு எட்டச் செய்வது இத்தலைமுறையின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப்பெயரை எழுத்துகளாகவும் ஒருங்குறிக் குறியெண்களாகவும் பிரித்து, இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிடுக.

2. 'குளத்தில்', 'ஆற்றுக்கு', 'வீட்டிலிருந்து' ஆகிய சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கணினி எந்தெந்த மாற்றங்களை அறிந்திருக்க வேண்டும் என வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் தமிழ்ப் பாடநூலின் ஓர் இயலுக்கு இருபத்தைந்து சொற்கள் கொண்ட சொல்லடைவு உருவாக்குக.