வீட்டுக்கு ஏற்ற சீலையும் நிறமும்

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுப்பது நீண்டகால வழக்கம். கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு கரைந்த பிறகே பெற்றோர் யன்னல் சீலைக்கு வருகின்றனர். ஆகவே அதைத் தெரிந்து வாங்குவது அவசியம்.

துணி: வாவிக்கரையில் வெக்கையும் ஈரமும் அதிகம். பருத்தி வியர்வையை உறிஞ்சும், காற்றை விடும். படுக்கை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் அதுவே சிறந்தது. ஆனால் மாரிகாலத்தில் காயச் சுணங்கும், பூஞ்சணம் பிடிக்கும். தூவானம் அடிக்கும் யன்னலுக்கு விரைவில் காயும் பொலியெஸ்டர் கலந்த துணி பொருந்தும்.

நிறம்: வெளிர் நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும், அடர் நிறம் வெப்பத்தை உறிஞ்சும். பின்னேர வெயில் விழும் மேற்கு யன்னலுக்குத் தடித்த, வெளிர் நிறச் சீலை போடலாம். சிறிய அறையில் சுவரின் நிறத்தை ஒட்டிய சீலை இடத்தைப் பெரிதாகக் காட்டும். அடர் நிறத்தைத் தலையணை உறையோடு நிறுத்துவது நல்லது. கடை விளக்கில் பார்த்த நிறம் பகலில் வேறாகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

வாங்குமுன்: நனைத்த வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் போகுமா என்று தெரியும். சுருக்கு அழகாக விழ, 4 அடி யன்னலுக்கு 8 அடி அகலம் வேண்டும். பருத்தி சுருங்கும், கழுவிய பிறகே தைக்க வேண்டும்.

மருதமுனையும் காத்தான்குடியும் கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர்கள். கையால் நெய்வதால் விலை சற்றுக் கூடும். எல்லா அறைக்கும் இயலாவிட்டாலும் மண்டபத்துக்கு ஒரு சோடியாவது வாங்கலாம். நம் நெசவாளர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?