ஓடை குடைந்த பாலங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வறண்ட பீடபூமி ஒன்று உண்டு. அதைக் கீறிச் செல்லும் பள்ளத்தாக்குகளில் மூன்று பெரிய பாலங்கள் நிற்கின்றன. மூன்றும் ஒரே கல்லால் ஆனவை. மூன்றையும் அமைத்தது தண்ணீர். 1908ஆம் ஆண்டு முதல் இவ்விடம் தேசிய நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. பாலங்களின் பெயர்கள் ஹோப்பி என்னும் பழங்குடியினரின் மொழியிலிருந்து எடுக்கப்பட்டவை.

சிப்பாப்பு என்பதே இவற்றுள் பெரியது. அதன் அடிக்குச் செல்ல சுமார் 500 அடி இறங்கவேண்டும். செங்குத்தான இடங்களில் இரும்புப் படிகளும் மர ஏணிகளும் வைத்திருக்கிறார்கள். இறங்குவது எளிது, வெயிலில் திரும்பி ஏறுவதுதான் கடினம். ஆகவே தண்ணீர் இன்றி யாரும் இறங்கக்கூடாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் 220 அடி உயரத்தில், 268 அடி அகலத்துக்குக் கல் வளைந்து நிற்கிறது. காலடியிலோ பெரும்பாலும் உலர்ந்த மணல்தான்! இந்த ஓடையா இதைச் செய்தது என்ற ஐயம் எழுவது இயல்பே.

புவியியல் பாடத்தில் குதிரைக் குளம்பு ஏரியைப் படித்திருப்பீர்கள். சமவெளியில் வளைந்து வளைந்து ஓடும் ஆறு, வெள்ளக் காலத்தில் வளைவின் குறுகிய கழுத்தை வெட்டிக்கொண்டு நேராகப் பாய்கிறது. இங்கும் ஓடை அப்படித்தான் வளைந்து ஓடியது. ஆனால் பீடபூமி மெல்ல மெல்ல உயர்ந்ததால், ஓடை தன் வளைவுகளோடேயே பாறைக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. இப்போது வளைவின் கழுத்து, மண்மேடு அன்று. நூற்றுக்கணக்கான அடி உயரமுள்ள மணற்பாறைச் சுவர். மேலே ஏறித் தாண்ட வெள்ளத்தால் முடியாது. எனவே சுவரின் அடியை இருபுறமும் தாக்கியது. பாலைவனத்தில் மழை அரிது என்றாலும், பெய்தால் வெறும் பாறை நீரை உறிஞ்சுவதில்லை. அத்தனையும் ஓடைக்கே வந்து சேரும். மணலையும் கற்களையும் சுமந்து வரும் அந்த வெள்ளம் பாறையை அரம்போல் ராவும். ஒரு நாள் சுவரில் துளை விழுந்தது. ஓடை குறுக்கு வழியில் புகுந்தது. பழைய வளைவு வறண்டது. துளைக்கு மேலிருந்த பாறை பாலமாயிற்று. வளைந்த வடிவம் எடையை இரு பக்கங்களுக்கும் தள்ளிவிடுவதால் அது உடனே விழுந்துவிடுவதில்லை.

மற்ற இரண்டையும் பார்த்தால் பாலத்தின் இளமையும் முதுமையும் விளங்கும். கச்சினா இளையது. அதன் தடிப்பு 93 அடி; வெள்ளம் இன்னும் அதன் அடியில் பாய்ந்து துளையைப் பெரிதாக்கி வருகிறது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதன் உட்புறத்திலிருந்து சுமார் 4,000 டன் பாறை பெயர்ந்து விழுந்தது. பாலம் பழுதுபட்டது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் பாலம் வளர்வதே இப்படித்தான்.

ஓவாச்சோமோ மிகவும் முதியது எனக் கருதப்படுகிறது. நீளம் 180 அடி, தடிப்போ வெறும் 9 அடி! அதைக் குடைந்த ஓடை இப்போது அதன் அடியில் ஓடுவதில்லை. ஆயினும் மழைநீர் கல்லின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் கசிகிறது. குளிர்கால இரவுகளில் அந்நீர் உறைந்து, கன அளவில் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருகி, மணல் துகள்களை ஒன்றையொன்று விட்டுப் பிரிக்கிறது. பகலில் உருகி, மறு இரவு மீண்டும் உறைகிறது.